எட்டுக் குழந்தைகள், ஒரு நீண்ட பாதை: நியூகாசில் மைட்டோகாண்ட்ரியா ஆய்வு மையம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2025 ஜூலை 16 அன்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. இரண்டுமே இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரத்துக் குழுவின் வேலை. தாய்–தந்தையின் மரபுப் பொருளை வேறொரு பெண்ணின் கருமுட்டைக்குள் வைத்து, தாயின் பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பதில் அந்தப் பெண்ணின் நலமான மைட்டோகாண்ட்ரியாவைக் குழந்தைக்குத் தரும் மைட்டோகாண்ட்ரியா தானம் என்ற முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள் என்பது சேதி. நான்கு ஆண், நான்கு பெண். அவர்களில் இருவர் ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர். தாய்மார் ஏழு பேரும் தங்கள் குழந்தைக்குக் கடுமையான நோயைக் கடத்திவிடும் அபாயத்தில் இருந்தவர்கள். குழந்தைகள் எட்டுப் பேரும் நலமாகப் பிறந்தார்கள்.

செய்தித் தலைப்புகள் ‘மூவரின் டிஎன்ஏ’ என்பதையே பிடித்துக்கொண்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஒரு நரம்பியல் சிகிச்சைப் பிரிவு, ஓர் ஆய்வகம், ஒரு கருத்தரிப்பு மையம் மூன்றும் ஒரே ஊரில், ஒரே நோயாளிகளைச் சுற்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கின்றன. கருவைக் கையாளும் நுட்பம் வேறு ஊர்களிலும் இருந்தது. நோயாளியை முதல் நாள் பரிசோதிப்பதில் தொடங்கி, பிறந்த குழந்தையைப் பல ஆண்டுகள் கவனிப்பது வரை போகும் முழுப் பாதையை அமைத்தது நியூகாசில்தான். அந்தப் பாதை எப்படி உருவானது, எங்கே தடுமாறியது, கையில் வந்திருக்கும் எண்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

நோயின் தன்மை

உடலின் செல்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை ஏடிபி என்ற மூலக்கூறாக ஆக்கித் தருவது மைட்டோகாண்ட்ரியா. அதற்குச் சொந்தமாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு. 1981-ல் கேம்பிரிட்ஜில் அதன் வரிசை முழுவதையும் படித்து முடித்தார்கள்: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். உட்கருவில் புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டுமே ஏறத்தாழ 20,000 இருக்கும்போது இது மிகக் கொஞ்சம்தான். ஆனால் இந்த 37-ல் 13 மரபணுக்கள் ஏடிபி தயாரிக்கும் புரதத் தொகுதிகளின் உறுப்புகளுக்கானவை. மீதி 24-ம் அந்த 13 புரதங்களைச் செய்து முடிக்கத் தேவையான ஆர்என்ஏக்களுக்கானவை. அதனால் இங்கே ஓர் எழுத்து பிசகினாலும் மூளை, இதயம், தசை, கண், காது என்று ஆற்றலை அதிகம் செலவழிக்கும் உறுப்புகள் அடிவாங்குகின்றன. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பிசகு மனிதரில் நோய் உண்டாக்கும் என்பது 1988-ல்தான் உறுதியானது. இன்றைய கணக்குப்படி ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்று இந்த நோய்களில் ஏதோ ஒன்றோடு நிகழ்கிறது. லீ நோய்க்குறி போன்ற கடுமையான வகைகளில் பல குழந்தைகள் சில வயதுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். இன்றுவரை நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து கிடையாது.

இந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அதோடு, ஒரு செல்லுக்குள் அது ஒன்றிரண்டு பிரதிகளாக இல்லாமல் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கிறது. முதிர்ந்த கருமுட்டையில் சில லட்சம் பிரதிகள். அவற்றில் சில பழுதாகவும் மற்றவை நல்லதாகவும் கலந்து இருக்கலாம். இந்தக் கலப்பை ஹெட்டிரோபிளாஸ்மி என்பார்கள். பழுதின் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டும்வரை செல் சமாளித்துக்கொள்கிறது. பல வகைகளில் அந்த எல்லை 60 முதல் 80 சதவீதத்துக்குள் இருக்கிறது.

இதை நேரில் காட்டும் ஒரு பரிசோதனை மைட்டோகாண்ட்ரியா ஆய்வகங்களில் நெடுநாளாக நடக்கிறது. நோயாளியின் தொடையிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு துணுக்குத் தசையை எடுத்து உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, இரண்டு சாயங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவார்கள். முதல் சாயம் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவை நம்பியிருக்கும் ஒரு நொதி வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. வேலை செய்தால் பழுப்பு. இரண்டாவது சாயம் உட்கரு டிஎன்ஏவை மட்டும் நம்பியிருக்கும் இன்னொரு நொதிக்கானது; அது நீலம். நலமான தசையில் எல்லா இழைகளும் பழுப்பாக இருக்கும். நோயாளியின் தசையில் பழுப்பு இழைகளுக்கு நடுவே அங்கங்கே பளிச்சென்று நீல இழைகள் தெரியும். பக்கத்துப் பக்கத்து இழைகள், ஒரே உடல், ஒரே தாய். ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். இரத்தத்தில் ஒரு விகிதத்தை அளந்துவிட்டு உடல் முழுவதற்கும் அதுதான் என்று சொல்ல முடியாதது ஏன் என்பதற்கு இந்த ஒரு கண்ணாடித் தகடே போதும். கடைசியில் எண்களைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

தாயிடமிருந்து மகளுக்குப் போகும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. கருமுட்டைக்கு மூலமான செல்கள் உருவாகும் கட்டத்தில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பிரதிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, பிறகு பெருகுகிறது. பெரிய குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளினால் அந்தப் பிடியில் கலப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா, அப்படித்தான். அறிகுறியே இல்லாத ஒரு தாயின் ஒரு கருமுட்டையில் பழுது அறவே இல்லாமலும், இன்னொன்றில் 90 சதவீதமாகவும் இருக்கலாம். அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகுதான் காரணம் தெரியவந்த குடும்பங்கள் இப்படித்தான் உருவாயின.

மையம் உருவான விதம்

நியூகாசிலில் இந்த வேலையைத் தொடங்கி வளர்த்தவர் நரம்பியல் மருத்துவர் டக் டர்ன்புல். அவர் முதன்மையாக நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். கையில் மருந்து இல்லாத நிலையில், அடுத்த பிள்ளைக்காவது இது வராமல் தடுக்க முடியுமா என்று பெற்றோர் கேட்ட கேள்விதான் ஆய்வின் திசையை முடிவு செய்தது. கருவியல் வல்லுநர் மேரி ஹெர்பர்ட்டும், கருத்தரிப்பு மையத்தை நடத்திய ஆலிசன் மர்டாக்கும் அவரோடு சேர்ந்தார்கள். 2012-ல் வெல்கம் அறக்கட்டளையின் நிதியோடு அங்கே மைட்டோகாண்ட்ரியா ஆய்வுக்கென்றே தனி மையம் வந்தது. அரிய மைட்டோகாண்ட்ரியா நோய்களுக்காகப் பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையான என்எச்எஸ் நடத்தும் சிறப்புச் சேவையிலும் நியூகாசில் ஓர் இடம். லண்டனும் ஆக்ஸ்ஃபோர்டும் மற்றவை.

ஆய்வுக் கூடமும் நோயாளி வரும் அறையும் பக்கத்தில் இருப்பதன் பலன் 2015-ல் வெளிவந்த ஒரு கணக்கில் தெரிகிறது. இந்த நோயைக் கடத்தும் அபாயத்தில் இருக்கும் பெண்களுக்குப் பிரிட்டனில் ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்று நியூகாசில் குழு தாங்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த நோயாளிப் பதிவுகளிலிருந்து கணித்தது. விடை, சுமார் 150. நாடாளுமன்றத்தில் சட்டம் விவாதத்துக்கு வந்த அதே சமயத்தில் இந்த எண் கையில் இருந்தது பெரிய விஷயம். ஆய்வகம் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது.

முன்னே இருந்த வழிகள்

தானம் வருவதற்கு முன்பும் வழிகள் இருந்தன. பிள்ளையே வேண்டாம் என்று இருந்துவிடுவது, தத்தெடுப்பது, வேறொரு பெண்ணின் கருமுட்டையை அப்படியே பெற்றுக்கொள்வது. தாய்வழி மரபு அறுந்தால் பரவாயில்லை என்பவருக்குக் கடைசி வழி நல்ல வழி, பாதுகாப்பானதும்கூட.

நான்காவது வழி, கருவைக் கருப்பையில் வைக்கும் முன்பே மரபணுப் பரிசோதனை செய்வது. சுருக்கமாக பிஜிடி. உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐவிஎஃப் முறையில் பல கருக்களை உண்டாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் சில செல்களை எடுத்துப் பழுதின் விகிதத்தைப் பார்த்து, குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுப்பார்கள். கலப்பு நிலையில் உள்ள தாய்க்கு இது கைகொடுக்கும். 2012-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பழுது 18 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் நோய் வராமலிருக்கும் வாய்ப்பு 95 சதவீதமோ அதற்கு மேலோ என்று கணித்தது. அந்த 18 பிஜிடி செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி எண்ணாக நின்றுவிட்டது.

சரி, தாயின் எல்லாக் கருமுட்டைகளிலும் பழுது நிறைந்திருந்தால்? தேர்ந்தெடுக்க ஒன்றுமே இருக்காது. மைட்டோகாண்ட்ரியா தானம் அந்தப் பெண்களுக்கானது. நியூகாசில் இதை எல்லாருக்குமான சிகிச்சையாக ஒருபோதும் முன்வைக்கவில்லை. பிஜிடி முதல், அது உதவாதவர்களுக்குத் தானம் என்று ஒரே பாதையின் இரண்டு கிளைகளாக அமைத்தார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

நுண்ணோக்கியின் கீழே

நியூகாசில் எடுத்துக்கொண்டது முன்உட்கரு மாற்றம் என்ற முறை. விந்து கருமுட்டைக்குள் போன சில மணி நேரத்தில், தாயின் மரபுப் பொருள் ஓர் உருண்டையாகவும் தந்தையுடையது இன்னோர் உருண்டையாகவும் தனித்தனியே தெரியும். அவைதான் முன்உட்கருக்கள். அவை ஒன்றுகலப்பதற்கு முன் இருக்கும் இடைவெளியில் வேலையை முடிக்க வேண்டும்.

தாயின் கருமுட்டைகளிலும், தானம் தந்த பெண்ணின் கருமுட்டைகளிலும் ஒரே ஆணின் விந்தைச் செலுத்துகிறார்கள். அப்புறம் தாயின் கருவுற்ற முட்டையை ஒரு கண்ணாடிக் குழாய் பிடித்து நிறுத்துகிறது. முட்டையின் உள்கட்டமைப்பைத் தற்காலிகமாக இளக்கும் மருந்து சேர்த்த திரவத்தில் அது கிடக்கிறது. இல்லாவிட்டால் உறிஞ்சும்போது கிழிந்துவிடும். வெளியுறையில் சிறு துளையிட்டு இன்னொரு மெல்லிய குழாயை நுழைத்து முன்உட்கருக்களை மெதுவாக உறிஞ்சி எடுக்கிறார்கள். அவை வெறுமனே வருவதில்லை; மெல்லிய சவ்வும், துளி செல்திரவமும் சுற்றிக்கொண்டு வருகின்றன. அந்தத் துளியில் தாயின் பழுதான மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கும். அதைக் கூடியவரை குறைப்பதுதான் ஆண்டுக்கணக்கில் நடந்த வேலையின் சாரம். தானம் தந்தவரின் முட்டையிலிருந்து அதன் முன்உட்கருக்களை ஏற்கெனவே நீக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் தாய்–தந்தையின் முன்உட்கருக்களை வைத்து, செயலிழக்கச் செய்த ஒரு வைரஸின் சாற்றால் சவ்வுகளை ஒட்ட வைக்கிறார்கள்.

2010-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த முதல் கட்டுரையில், ஐவிஎஃப் சிகிச்சையில் இயல்புக்கு மாறாகக் கருவுற்றதால் பயன்படாமல் மிஞ்சிய முட்டைகளை வைத்தே இதைச் செய்து காட்டினார்கள். பழுது கடந்துவருவது சராசரி 2 சதவீதத்துக்குக் கீழ். ஆனால் இயல்பான கருமுட்டைகளில் அதே முறையை அப்படியே செய்தபோது கரு சரியாக வளரவில்லை. 2016-ல் வந்த அடுத்த கட்டுரை இதற்குத் தீர்வு சொன்னது: முன்உட்கருக்கள் தெரியத் தொடங்கியதுமே, கருவுற்று எட்டு மணி நேரம் ஆன அளவில், மாற்றிவிட வேண்டும். கருக்கள் மேம்பட்டன. பெரும்பாலானவற்றில் கடந்துவந்த பழுது 2 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. மாற்றிய கருக்களிலிருந்து வளர்த்த ஐந்து ஸ்டெம் செல் வரிசைகளில் நான்கு சீராக நின்றன. ஐந்தாவதில் 4 சதவீதமாக இருந்த தாயின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, வளர வளர 24 சதவீதமாக ஏறியது. மிச்சமாக வந்தது பெருகி மேலே வரக்கூடும் என்பதன் அடையாளம் அது. தங்கள் முறைக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே, அதற்கு எதிராகப் பேசக்கூடிய முடிவையும் அவர்கள் ஒளிக்காமல் போட்டார்கள். முறை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது என்ற தெளிவு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இங்கிருந்துதான் கிடைத்தது.

சட்டம் வந்த வழி

பிரிட்டனில் மனிதக் கருவை ஆய்வகத்தில் தொடவே மனிதக் கருத்தரிப்பு மற்றும் கருவியல் ஆணையத்தின் உரிமம் வேண்டும். நியூகாசிலுக்கு ஆய்வுக்கான உரிமம் 2005-ல் கிடைத்தது. சிகிச்சைக்கு அது போதாது. மரபுப் பொருளை மாற்றிய கருவைக் கருப்பையில் வைப்பதைச் சட்டம் தடுத்திருந்தது. அறிவியல் வல்லுநர் குழு 2011 முதல் பலமுறை ஆதாரங்களை எடைபோட்டது. நஃபீல்டு உயிரறநெறி மன்றம் 2012-ல் அறிக்கை தந்தது. பொதுமக்கள் கருத்தும் கேட்கப்பட்டது. 2015 பிப்ரவரி 3 அன்று மக்களவையில், கட்சிக் கட்டளை இல்லாமல் மனசாட்சிப்படி நடந்த வாக்கெடுப்பில் 382 பேர் ஆதரவாகவும் 128 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பிப்ரவரி 24 அன்று பிரபுக்கள் அவையில் 280-க்கு 48. இப்படியொரு முறையைச் சட்டமாக்கிய முதல் நாடு பிரிட்டன்.

எதிர்த்தவர்களின் வாதங்களைத் தள்ளிவிட முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை சுட்டிக்காட்டியபடி, இந்த முறையில் கருவுற்ற இரண்டு முட்டைகளிலிருந்து ஒன்றை உண்டாக்குகிறார்கள், இன்னொன்று அழிகிறது. கருவுற்ற கணத்திலிருந்தே உயிர் என்று நம்புபவருக்கு இது சின்ன விஷயமில்லை. பரம்பரையாகக் கடந்து போகும் ஒரு மாற்றத்தை மனிதன் செய்யலாமா என்ற கேள்வி மத நம்பிக்கை இல்லாதவர்களையும் தொட்டது. எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விகளுக்கு முடிவான விடை கிடைக்கவில்லை. ஆனால் அவை மூடிய அறைக்குள் பேசி முடிக்கப்படாமல், வெளிப்படையாகப் பல ஆண்டுகள் பேசப்பட்டு, வாக்கெடுப்பில் முடிந்தன. அது பெரிய வித்தியாசம்.

சட்டம் வந்த பிறகும் அவசரம் காட்டவில்லை. 2016 டிசம்பரில் ஆணையம் எச்சரிக்கையோடு சிகிச்சைக்கு வழிவிட்டது. 2017 மார்ச்சில் நியூகாசில் கருத்தரிப்பு மையத்துக்கு உரிமம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்: அவருடைய கருமுட்டைகளில் பழுது இருக்கும் அபாயம் குறிப்பாக உண்டா, அந்தப் பழுதால் பிள்ளைக்குக் கடும் நோய் வரும் அபாயம் கணிசமானதா என்று ஒரு குழு பார்த்து முடிவு சொல்லும். தானம் தந்த பெண் சட்டப்படி தாய் ஆக மாட்டார். பிள்ளை 16 வயதுக்குப் பின் அவரைப் பற்றிய, அடையாளம் காட்டாத சில விவரங்களைக் கேட்டுப் பெறலாம்.

எல்லையைக் கடந்து போனவர்கள்

இதே காலத்தில் வேறொரு வழியில் போனவர்களைப் பார்த்தால் நியூகாசிலின் நிதானத்துக்கு மதிப்புக் கூடுகிறது. 2016 ஏப்ரலில், லீ நோய்க்குறியால் இரண்டு பிள்ளைகளை இழந்த ஜோர்டான் நாட்டுத் தம்பதிக்கு இம்மாதிரி முறையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. செய்தவர் நியூயார்க் கருத்தரிப்பு மருத்துவர் ஜான் ஜாங்; கருவைக் கருப்பையில் வைத்தது மெக்சிகோவில், அமெரிக்கச் சட்டத்துக்கு எட்டாத இடத்தில். குழந்தையின் வெவ்வேறு திசுக்களில் பழுது ஏறத்தாழ 2 முதல் 9 சதவீதம் என்று அளந்தார்கள். தொடர்ந்து பரிசோதிக்கப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. அது அவர்கள் உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலகின் முதல் நிகழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் அதோடு நின்றுபோனது.

கிரீஸில் ஒரு குழு, நோய்க்காக இல்லாமல் குழந்தைப்பேறு இல்லாத 25 தம்பதிகளிடம் தானமுறையைச் சோதித்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டது. ஆறு குழந்தைகள். அவர்களில் ஒரு குழந்தையிடம் தாயின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ 30 முதல் 60 சதவீதம் வரை ஏறியிருந்தது. அந்தத் தாய்க்கு நோய் இல்லை என்பதால் குழந்தைக்குப் பாதிப்பும் இல்லை. ஆனால் நியூகாசில் ஆய்வகத்து ஐந்தாவது செல் வரிசையில் கண்டது ஒரு மனிதக் குழந்தையிடமும் நடக்கலாம் என்பது அங்கே உறுதியானது.

நீண்ட மௌனம்

2017-ல் உரிமம் கிடைத்த பிறகு நியூகாசிலிலிருந்து சிகிச்சையின் முடிவுகள் என்று எதுவும் வரவில்லை. 2023 மே மாதத்தில், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு செய்தித்தாள் கேட்டதால், ஐந்துக்கும் குறைவான குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள் என்ற ஒரு வரி மட்டும் ஆணையத்திடமிருந்து வெளியே வந்தது. முழு விவரத்துக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடும்பங்களின் தனிமையைக் காக்க வேண்டும், ஓரிரு குழந்தைகளை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்ற காரணங்கள் நியாயமானவைதான். அப்படியிருந்தும் இந்த மௌனம் தேவைக்கு மேல் நீண்டது என்றே நினைக்கிறேன். பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, நாடாளுமன்றத்தின் அனுமதியோடு, என்எச்எஸ் பணத்தில் நடந்த வேலை இது. எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை கர்ப்பம் நின்றது என்ற மொத்த எண்ணிக்கையை மட்டுமாவது ஆண்டுதோறும் சொல்லியிருந்தால் எந்தக் குடும்பத்தின் அடையாளமும் வெளிப்பட்டிருக்காது. கிரீஸ் முடிவைப் பார்த்துக் கவலைப்பட்ட மற்ற நாட்டு ஆய்வாளர்களுக்கும், முடிவெடுக்கத் தவித்த பெண்களுக்கும் அது உதவியிருக்கும்.

எண்களைப் படிப்பது

2025 கட்டுரைகளுக்கு வருவோம். தானமுறைக்காகக் கருமுட்டையில் விந்து செலுத்தும் கட்டத்துக்கு வந்த பெண்கள் 22. அவர்களில் 8 பேர் கர்ப்பமானார்கள், அதாவது 36 சதவீதம். ஏழு பேருக்கு மொத்தம் எட்டுக் குழந்தைகள். கட்டுரை வந்தபோது ஒருவர் இன்னும் கர்ப்பமாக இருந்தார். பிஜிடி கிளையில் 39 பேரில் 16 பேர், 41 சதவீதம். அங்கே 18 குழந்தைகள். இந்த இரண்டாவது எண்ணைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிட்டன. ஆனால் அதே பாதையில் அதிகமான குடும்பங்களுக்குக் குழந்தை தந்தது, யாருடைய கருமுட்டையையும் தானம் கேட்காத எளிய வழிதான்.

எட்டுக் குழந்தைகளின் இரத்தத்தில் பழுதின் அளவு, கண்டறிய முடியாத நிலையிலிருந்து 16 சதவீதம் வரை இருந்தது. தாயின் முட்டையில் இருந்த அளவோடு ஒப்பிட்டால் ஆறு குழந்தைகளிடம் 95 முதல் 100 சதவீதம் குறைந்திருக்கிறது. இரண்டு குழந்தைகளிடம் 77 முதல் 88 சதவீதம். பிஜிடியில் பிறந்து பரிசோதிக்கப்பட்ட பத்துக் குழந்தைகளிடம் மேல் எல்லை 7 சதவீதம்.

இதில் 16 என்ற எண்ணிடம் நின்று பார்க்க வேண்டும். 60, 80 என்ற நோய் எல்லையிலிருந்து அது வெகு தூரம். அந்தக் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று குழு சொல்வது சரியே. ஆனால் 18 என்ற வழிகாட்டி எண்ணுக்கு அது மிகப் பக்கம். ஆய்வகக் கருக்களில் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, பிறந்த ஓரிரு குழந்தைகளிடம் ஏன் இவ்வளவு ஏறியது என்பதற்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. மேலும் அளந்தது இரத்தத்தில். பழுப்பும் நீலமுமாகத் தெரிந்த தசைத் தகட்டை நினைத்துக்கொண்டால், இதயத்திலும் மூளையிலும் என்ன விகிதம் என்பதற்கு இரத்தம் முழுச் சாட்சி ஆகாது என்பது விளங்கும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை நல்ல சேதிதான். எட்டுப் பேரும் வயதுக்கேற்ற வளர்ச்சியோடு இருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு இரத்தத்தில் கொழுப்பு மிகுதியும் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையும் வந்து, சிகிச்சையில் சரியாயின. இன்னொரு குழந்தைக்கு வந்த வலிப்பு தானாகவே நின்றது. இவை தானமுறையால் வந்தவை என்று காட்ட எதுவும் இல்லை. எட்டுப் பேரை வைத்து, இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கட்டுரை இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது.

இந்த எண்களை வைத்து நான் சொல்வது இவ்வளவே: எல்லா முட்டைகளிலும் பழுது நிறைந்த ஒரு பெண்ணுக்கு, தன் மரபில் நலமான குழந்தை பெற இப்போது உண்மையான ஒரு வழி இருக்கிறது. அது உறுதிமொழி அல்ல. அப்படிச் சொல்லித்தான் அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும்; நியூகாசில் அப்படித்தான் ஆபத்தைக் குறைக்கும் சிகிச்சை என்றே இதைப் பேசுகிறது.

அடுத்த தலைமுறை

நியூகாசிலின் திட்டப்படி குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்து பரிசோதிப்பார்கள். வளர்ச்சியைக் கணிக்க அது போதும். ஆனால் எட்டுப் பேரில் நான்கு பேர் பெண்கள். அவர்களில் யாரிடமாவது கொஞ்சம் பழுது மிஞ்சியிருந்தால், அது அவருடைய கருமுட்டைகளுக்கும் போயிருக்கும். அங்கே மறுபடியும் அந்த ஒரு பிடிக் கணக்கு நடக்கும். தன்னிடம் 16 ஆக இருப்பது பிள்ளையிடம் 0 ஆகவும் ஆகலாம், கணிசமாகக் கூடவும் கூடும். இதை நினைத்துத்தான் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2016-ல், தொடக்கத்தில் ஆண் கருக்களை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆண் தன் மைட்டோகாண்ட்ரியாவைப் பிள்ளைக்குக் கடத்துவதில்லை. பிரிட்டன் அந்த நிபந்தனையை வைக்கவில்லை. ஆண்–பெண் என்று கருவைத் தேர்ந்தெடுத்தால் இருக்கிற சில கருக்களில் பாதி வீணாகும் என்பதால் அந்த முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் அதற்கு ஒரு கடமை உண்டு. இந்தப் பெண் குழந்தைகள் வளர்ந்து தாங்கள் பிள்ளை பெறலாமா என்று யோசிக்கும் வயதில், அவர்களுடைய பிறப்புப் பதிவும் அளவுகளும் ஒரு மருத்துவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அப்போது அவர்களுக்குப் பிஜிடி தேவைப்பட்டால் அதே என்எச்எஸ் செலவில் கிடைக்க வேண்டும். ஐந்து வயதோடு முடியும் ஓர் ஆய்வுத் திட்டத்தால் இதைச் செய்ய முடியாது. பெற்றோர் சம்மதத்தோடும், பதினெட்டு வயதுக்குப் பின் அவர்களுடைய சொந்தச் சம்மதத்தோடும் தொடரும் ஒரு நிரந்தரப் பதிவேட்டை ஆணையமும் நியூகாசிலும் சேர்ந்து இப்போதே தொடங்க வேண்டும். 2022-ல் சட்டம் இயற்றி இதே வழியில் வரும் ஆஸ்திரேலியாவும் முதல் குழந்தை பிறப்பதற்கு முன்பே அதை எழுதி வைத்துவிடுவது நல்லது.